ஆறு பெட்டி அல்பில்யோ

நேற்று மதியம் நீ அனுப்பியது ஒரே ஒரு வரி. “ம்மா, பிலார் இந்த மாசக் கடைசிக்குள்ள முடிவு சொல்லச் சொல்றாங்க. எழுதிக் கொடுத்துரட்டுமா?” பத்து ஆண்டுக் குத்தகைக்குக் கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்கிறாய். போட்டால் முப்பத்தாறு வயது வரை நீ ஸ்பெயினில், அந்த மலைச்சரிவில், உன் கொள்ளுத்தாத்தா வயதுள்ள திராட்சைச் செடிகளோடு இருப்பாய். போடாவிட்டால் நிலத்துக்காரி பிலார் இயந்திரத்தைக் கொண்டுவந்து அவற்றை வேரோடு பிடுங்கிவிடுவாள். நீ செங்கல்பட்டுக்குத் திரும்பி வருவாய். நானும் ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். கைப்பேசியில் மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்தேன். அழிக்க வசதி இருப்பதால்தான் அழிக்கிறேன் என்று தோன்றியது. திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டை ஒதுக்கிவைத்துவிட்டு இப்போது பேனாவால் எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்தவையும் இதில் வரும். ஆனால் என் பக்கத்திலிருந்து அவை எப்படி இருந்தன என்பது உனக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை. நம் வீட்டில் சாப்பிட்டாயா, வண்டிக்குக் காற்று அடித்தாயா என்று கேட்போமே தவிர, மற்றதைப் பேசிப் பழக்கமில்லை.

மாமல்லபுரத்தில், நீ வேலை பார்த்த ஓட்டலுக்குப் பின்னால் இருக்கும் கடற்கரையிலிருந்து தொடங்குகிறேன். மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கேட்டரிங் படித்துவிட்டு அங்கே உணவுக்கூடத்தில் பரிமாறிக்கொண்டிருந்தாய். உன் விடுமுறை நாளில் என்னை வரச் சொன்னாய். கரையில் இழுத்துப் போட்டிருந்த படகுகளுக்கு நடுவே, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வீட்டிலேயே ஒப்பித்துப் பார்த்தவனைப் போல வேகமாகச் சொன்னாய்: ஸ்பெயினில் வைன் செய்யும் படிப்பு, இரண்டு ஆண்டு, இடம் கிடைத்துவிட்டது. ஓட்டலில் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஊற்றிக்கொடுத்த பாட்டில்களின் முதுகில் எழுதியிருந்ததையெல்லாம் நீ படித்துக்கொண்டிருந்திருக்கிறாய். எனக்கு அது தெரியாது. நீ சொல்லி முடித்ததும் நான் சொன்னது இது. “அச்சரப்பாக்கத்துல உங்க பெரியப்பாவை எரிச்ச இடம் இருக்கு. அங்க போய் நின்னு இதைச் சொல்லு. அப்புறம் எங்க வேணும்னாலும் போ.”

உன் பெரியப்பா குடித்தே செத்தார். நாற்பத்தொரு வயது. கடைசி ஆண்டில் அவரைச் சாலையோரத்திலிருந்து தூக்கிக்கொண்டு வருவது உன் அப்பாவின் வேலையாக இருந்தது. உனக்கு அப்போது ஏழு வயது. உன்னைத் தோளில் உட்கார வைத்துச் சந்தைக்குக் கூட்டிப்போனவர் அவர். அவரைத்தான் எடுத்து உன்மேல் எறிந்தேன். வாதத்தில் வெல்வதற்காகச் செத்தவரை இழுத்து வந்தேன் என்பது அந்த நொடியே எனக்குத் தெரிந்தது. திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. நீ வண்டியை எடுத்தாய். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வரை நான் உன் தோளைப் பிடிக்காமல் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் நீ முன்கூட்டியே மெதுவாக்கினாய். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நீ போன பிறகு நான் பொய் சொல்லப் பழகினேன். கல்லூரியில், பேராசிரியர்கள் அறையில், “திராட்சை ஆராய்ச்சி” என்றேன். மதுராந்தகத்தில் இருக்கும் உன் அத்தை விடவில்லை. “கிஸ்மிஸ் கம்பெனியா அண்ணி?” என்று கேட்டாள். அந்த மாதிரிதான் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து நம் சொந்தக்காரர்களிடையே நீ உலர்திராட்சைக்காரன். வேதியியலில் முதுகலை முடித்து, இருபத்தைந்து ஆண்டுகளாக வகுப்பில் ஆதாரம் கேள், ஆதாரம் கேள் என்று சொல்லிக்கொண்டிருப்பவள் நான்.

படிப்பு முடிந்தும் நீ வரவில்லை. மாட்ரிட் நகருக்கு மேற்கே, கிரேதோஸ் மலையில் ஒரு சிறிய ஊரில் கூலிக்கு வேலை செய்கிறேன் என்றாய். உன் அப்பாவுக்குக் கல்பாக்கம் வேலையில் இன்னும் சில ஆண்டுகள்தான். உனக்காக என்று கேளம்பாக்கத்தில் வாங்கிய வீடு பூட்டிக் கிடந்தது. ஒரு நாள் காலை, ஆபீஸ் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “நீ போயி பாரு டீச்சரம்மா. நான் பேசுனா சண்டையாவும். நாலு நாள் நல்லபடியா பேசி, கையோட கூட்டிகினு வந்துரு.” ஆகஸ்டில் நான் ஈட்டிய விடுப்பு போட்டுவிட்டு வந்தது உன்னைப் பார்க்க மட்டும் இல்லை. உனக்கும் அது தெரிந்திருக்கும். என் பெட்டியில் உனக்கான திரும்பும் பயணத்தின் விவரத் தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அந்த ஊருக்கு வரும் சாலையில் எனக்கு முதல் குழப்பம் ஏற்பட்டது. கருங்கல் பாறைகள். பெரிய பெரிய உருண்டைகளாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, விழாமல் நிற்கின்றன. நடுவே காய்ந்த புல், முள்செடி. பத்தாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து, திருக்கழுக்குன்றத்தைத் தாண்டிய ஏதோ ஒரு திருப்பத்தில் இறங்கியது போல இருந்தது. நான் சொன்னேன், நீ சிரித்தாய், “அதான்மா இங்கயே இருந்துட்டேன்” என்றாய். நான் சிரிக்கவில்லை. நான் எளிதில் வியக்கிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஒவ்வொரு ஆண்டும் மாணவிகளை மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போகிறேன்; அர்ச்சுனன் தபசு முன்னால் எல்லோரும் வாய்திறந்து நிற்கும்போது நான் தலை எண்ணிக்கொண்டிருப்பேன்.

தோட்டத்தைப் பார்த்தபோதும் முதலில் எனக்கு ஏமாற்றம்தான். திராட்சைத் தோட்டம் என்றால் நமக்குப் பந்தல். கீழே நிழல், தலைக்கு மேல் குலை. அங்கே பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. முழங்கால் உயரத்தில், தடித்து, முறுக்கி, நடுவே பிளந்த கட்டைகள் தனித்தனியாக மணலில் குந்தியிருந்தன. இலை மட்டும் இல்லையென்றால் விறகு என்றுதான் சொல்வேன். நீ ஒரு செடியின் முன் மண்டியிட்டு இலையை விலக்கிக் காட்டினாய். கைப்பிடிக்குள் அடங்கும் சிறிய குலை, பழங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, பொன்மஞ்சளாக, வெயில் பட்ட பக்கத்தில் பழுப்புப் புள்ளிகளோடு. அல்பில்யோ என்றாய். வெள்ளை வைனுக்கான ரகம், ஸ்பெயின் நாட்டிலேயே பல பேருக்குத் தெரியாது, மற்ற ரகங்கள் காயாக இருக்கும்போதே ஆகஸ்டில் பழுத்துவிடும், முன்பெல்லாம் சாப்பிடும் பழமாகவே மாட்ரிட் சந்தைக்குப் போகும் என்று சொன்னாய். ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டேன். புளிப்பே இல்லை. கெட்டியான சதை, பின்னால் சோம்பு மென்றது போல ஒரு வாசனை. நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

அப்போதுதான் நீ அந்த விஷயத்தைச் சொன்னாய். திராட்சையை விதை போட்டு வளர்ப்பதில்லை. விதையில் முளைப்பது தாயைப் போல இருக்காது, வேறொரு திராட்சையாகிவிடும். அதனால் எப்போதும் குச்சி வெட்டி நடுகிறார்கள், இல்லையென்றால் பதியன் போடுகிறார்கள். அப்படியென்றால், என்றாய், எப்போதோ, எங்கேயோ ஒரு விதை ஒரே ஒருமுறை முளைத்தது. யாரோ அதைச் சுவைத்துப் பார்த்து ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு போனார். இந்த மலையில் இருக்கும் அல்பில்யோ எல்லாம் அந்த ஒரே செடி. “இது அதோட புள்ள இல்லம்மா. அதேதான். இன்னும் சாவல.”

நான் நம்பவில்லை. அன்று உன் அறையில் உட்கார்ந்து, எங்கள் கல்லூரித் தாவரவியல் துறையில் இருக்கும் தோழிக்குக் கேட்டு எழுதினேன். ஆமாம், பெயருள்ள எல்லாத் திராட்சை ரகமும் அப்படித்தான், இத்தனை நாள் இது தெரியாமலா இருந்தாய் என்று பதில் வந்தது. அதைப் படித்த பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதே மணல், அதே கட்டைகள். பார்க்கிற என் கண்தான் மாறிவிட்டது. அரசர்கள் போயிருக்கிறார்கள், போர்கள் நடந்திருக்கின்றன, ஊர்களே காலியாகியிருக்கின்றன. இந்த ஒரு செடி கையிலிருந்து கைக்கு ஒரு சாண் குச்சியாக மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இடையில் ஒரே ஒரு தலைமுறை எல்லா இடத்திலும் அலட்சியமாக இருந்திருந்தால் கதை முடிந்திருக்கும். வெட்டி நட்ட கைகள் எதற்கும் பெயர் இல்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. குளிர் என்று நினைத்துச் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். ஆகஸ்டில் அங்கே குளிர் ஏது.

பிலாரைப் பற்றியும் என் பக்கத்துச் செய்தி ஒன்று உண்டு. அவளுக்கு என் வயதுதான். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். தோட்டம் அவளுடைய பெரியம்மாவிடமிருந்து வந்தது. அதன்மேல் அவளுக்கு எந்தப் பாசமும் இல்லை. நீ அவளை எனக்கு அறிமுகம் செய்துவைத்தபோது அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நிறையப் பேசினாள். நீ பாதியைத்தான் மொழிபெயர்த்தாய் என்று எனக்குத் தெரியும். மறுநாள் நீ இல்லாதபோது அவள் கைப்பேசியில் பேசி, அதைத் தமிழாக்கி எனக்குக் காட்டினாள். இந்தச் செடிகள் என் முதுகைத் தின்றது போதும், குளிர்காலத்தில் பிடுங்கப்போகிறேன், உன் மகன் பைத்தியம், தயவுசெய்து அழைத்துக்கொண்டு போ. நானும் தலையாட்டினேன். உனக்கெதிராக இரண்டு பெண்கள் அந்த அடுப்படியில் ஒரே கட்சியில் இருந்தோம்.

ஆனாலும் அவள் உனக்கு ஒரு வாய்ப்பு கொடுத்திருந்தாள். தோட்டத்தின் மிகப் பழைய மூலையில் உள்ள பழத்தை நீ எடுத்து உன் விருப்பப்படி வைன் செய்துகொள்ளலாம். நன்றாக வந்தால் குத்தகை பற்றிப் பேசலாம். வெளியிலிருந்து ஈஸ்ட் வாங்கிப் போடாமல், பழத்தோலில் தானாக இருப்பதை வைத்தே நொதிக்க விட வேண்டும் என்று நீ முடிவு செய்திருந்தாய். விடிவதற்கு முன்பே எழுந்து பத்துப் பெட்டி பறித்தாய். பிலார் வீட்டுக் கார் கொட்டகையில் நிழலில் அடுக்கிவிட்டு, பக்கத்து ஊரிலிருந்து பிழியும் இயந்திரத்தை இரவல் வாங்கப் போனாய். “தொடாதம்மா” என்று நீ சொல்லவில்லை. யார்தான் சொல்வார்கள்.

தனியாக இருந்தேன். இரண்டு மணி நேரம். கடற்கரையில் சொன்னதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று இருந்தது. மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது, வேலை செய்ய வரும். பெட்டியைப் பார்த்தேன். பழத்தின்மேல் தூசி, இலைத்துணுக்கு, எல்லாவற்றுக்கும் மேல் வெள்ளையாக ஒரு படலம். செங்கல்பட்டில் தள்ளுவண்டித் திராட்சை வாங்கி வந்தால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். மருந்து அடித்திருப்பான் என்று கல்லுப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மூன்று தண்ணீர் அலசாமல் உன் கையில் ஒரு பழம் கொடுத்தது கிடையாது. பிலார் அடுப்படியில் உப்பு இருந்தது. மஞ்சள்தூள் என் பெட்டியில் இருந்தது, உனக்காகக் கொண்டு வந்தது. துணி அலசும் பெரிய தொட்டிகள் இரண்டு இருந்தன. குலை குலையாக எடுத்து, நசுங்காமல், ஒரு பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டுவது போலத்தான் கழுவினேன். நான் கொண்டுவந்த பருத்திப் புடவையை விரித்து அதன்மேல் உலர்த்தினேன். ஆறு பெட்டி முடித்துவிட்டேன். ஏழாவதைத் தூக்கும்போது வண்டிச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு பழமும் கண்ணாடி போலப் பளபளத்தது. உன்னிடம் காட்டுவதற்காகச் சற்று விலகி நின்றேன்.

முதல் வகுப்பிலிருந்தே “இன்னா” என்று பேசாதே, “என்ன” என்று சொல் என்று உன்னைத் திருத்தியிருக்கிறேன். தெருப் பேச்சு உன் நாக்கில் ஒட்டக்கூடாது என்று. உனக்கு என் முன்னால் அது வந்ததே இல்லை. அன்று வந்தது. “இன்னாம்மா பண்ண?” என்றாய். சத்தமாகக்கூட இல்லை. “இன்னாம்மா பண்ண நீ?” பிலார் என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள், மஞ்சள் விரலைத் திருப்பிப் பார்த்தாள், காலிப் பெட்டியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வெள்ளைப் படலம் பழத்தின் சொந்தத் தோல்பூச்சு, அதைப் பார்த்துத்தான் அந்தக் காலத்துச் சந்தையில் வாங்குவார்கள், கழுவிய பழத்தை யாரும் தொடமாட்டார்கள் என்று அவள் சொன்னதை நீ வறண்ட குரலில் எனக்குச் சொன்னாய். எனக்குத் தெரியாதா? சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றும் சமன்பாட்டை ஆண்டுதோறும் பலகையில் எழுதுகிறவள் நான். அந்த ஈஸ்ட் எங்கே இருக்கும் என்று தேர்வில் கேட்டுமிருக்கிறேன். என் கை பழத்தைக் கழுவும்போது படித்ததெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து நீதான் என்னைத் தேற்றினாய். “விடும்மா. செடி வருஷத்துக்கு ஒருவாட்டிதான் காய்க்கும். அடுத்த வருஷம்…” என்று தொடங்கி நிறுத்தினாய். அடுத்த ஆண்டு அந்தச் செடிகள் இருக்காது என்பது நம் இருவருக்கும் நினைவுக்கு வந்தது. நம் முகத்தைப் பார்த்த பிலாரும் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

கழுவாத நான்கு பெட்டியின் சாறு ஒரு கண்ணாடி ஜாடியில். கழுவிய ஆறு பெட்டியின் சாறு இன்னொன்றில். மூன்றாம் நாள் முதல் ஜாடி நுரைத்தது. என்னுடையது செத்த குளம் போல நின்றது. நாளுக்கு இரண்டு முறை நீ அதை முகர்ந்து பார்ப்பாய், கெட்டுப்போகிறதா என்று. பிலார் கடையில் ஒரு பாக்கெட் ஈஸ்ட் வாங்கிப் போடு என்றாள். நான், தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி அந்த ஜாடியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து இதில் ஊற்றேன் என்றேன். அது சரியான யோசனைதான் என்று ஒப்புக்கொண்டாய். “ஆனா இரும்மா. இன்னும் ரெண்டு நாள் பாப்போம்.” உன்னை நான் அப்படி ஒன்றுக்காகக் காத்திருந்து பார்த்ததில்லை. பள்ளிக்கூட நாட்களில் சாதம் வேக ஐந்து நிமிடம் பொறுக்கமாட்டாய். நாலாம் நாள் அப்பா கூப்பிட்டார். பேசினியா என்றார். இன்னும் இல்லை என்றேன். “அப்ப இன்னா பண்ணிகினு கீற அங்க?” என்றார். ஒரு ஜாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

ஆறாம் நாள் காலை நீ எழுவதற்கு முன் நான் கொட்டகைக்குப் போனேன். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ஏன் செய்தேனென்று தெரியவில்லை, காதை ஜாடியில் வைத்தேன். முதலில் என் இரத்த ஓட்டத்தின் சத்தம்தான் என்று நினைத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடியும் வைத்தேன். உள்ளே தூறிக்கொண்டிருந்தது. மெல்லிய, இடைவிடாத, மிகச் சிறிய சத்தம். ஆயிரக்கணக்கான நுண்ணிய கொப்புளங்கள் உடைகிற சத்தம். விளக்கம் எனக்குத் தெரியும். கொட்டகைச் சுவரில், இயந்திரத்தின் மரத்தில், உன் கையில், காம்புக்கும் பழத்துக்கும் நடுவே என் விரல் போகாத இடத்தில் அது இருந்திருக்கும். எண்ணிக்கையில் குறைவு, அதனால் பெருக நாளாயிற்று. இந்த விளக்கம் முழுவதும் உண்மை. அதை மனதுக்குள் சொல்லிக்கொண்டே நான் அந்தச் சிமெண்டுத் தரையில் முட்டிபோட்டு, ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அசையாமல் இருந்தேன். உப்புப் போட்டு, மஞ்சள் போட்டு, மூன்று தண்ணீர் அலசியிருக்கிறேன். அது போகவில்லை. கோயிலில் எல்லோரும் கண்ணை மூடும்போது திறந்து வைத்துக்கொண்டிருப்பவள் நான். அன்று என் கண் தானாக மூடிக்கொண்டது.

நீ வந்து மறுபக்கத்தில் காதை வைத்தாய். நடுவில் ஜாடி, இரண்டு பக்கமும் நம் தலைகள். அப்பாவைக் கூப்பிட்டுக் கைப்பேசியை ஜாடி வாயருகே பிடித்தேன். “இன்னா அது, மழ பெய்யுதா அங்க?” என்றார். மழை இல்லை, நான் கழுவின பழம், உயிரோடுதான் இருக்கிறது என்றேன். பிறகு, “இன்னொருவாட்டி வையி” என்றார்.

நான் தனியாகத்தான் விமானம் ஏறினேன். கூட்டிக்கொண்டு வரப் போனவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. உன் பயணத் தாளை உன் ஊர்க் குப்பைத்தொட்டியிலேயே போட்டேன். நவம்பரில் நீ சொன்னாய்: “நீ கழுவுனது சுமார்தான்மா. தண்ணியா இருக்கு, கடைசில லேசா கசக்குது. விக்க மாட்டேன்.” எனக்காக நன்றாக இருக்கிறது என்று நீ சொல்லவில்லை, அதற்காக உன்னை மதித்தேன். நான் செய்த தவறு தவறுதான், அதற்கு விலை ஆறு பெட்டி. கழுவாத நான்கு பெட்டியின் வைனைப் பிலார் ஒரு கிளாஸ் குடித்தாளாம், மறுநாள் பேருந்தை உன் முன்னால் நிறுத்தி எத்தனை ஆண்டு வேண்டும் என்று கேட்டாளாம். அப்படித்தான் இந்தக் குத்தகை வந்து நிற்கிறது.

நான் இன்னும் வைன் குடித்ததில்லை. இனி குடிப்பேன் என்றும் தோன்றவில்லை. பெரியப்பாவைக் கொன்றதும் அதே சமன்பாடுதான். அது எனக்கு மறக்காது, உனக்கும் மறக்க வேண்டாம். உன் மேசையில் உட்கார்ந்து ஒருவர் மேலும் மேலும் கிளாஸை நீட்டினால், போதும் என்று சொல்லத் தெரிந்தவனாக இரு, அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும். கடற்கரையில் நான் சொன்னதை இப்போது திருப்பி எடுத்துக்கொள்கிறேன். மூன்று ஆண்டு தாமதம். போன வாரம் மதுராந்தகத்தில் ஒரு வளைகாப்பில் உன் அத்தையிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன், நாலு பேர் கேட்க. நான் பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை. “அப்ப கிஸ்மிஸ் கெடையாதா? பாயசத்துக்கு ஒரு கிலோ கேக்கலாம்னு இருந்தேனே அண்ணி” என்று வருத்தப்பட்டாள், அவ்வளவுதான்.

குத்தகைப் பத்திரத்தை நீயே படி, பிலாரின் நல்ல மனசை நம்பிப் போடாதே. நல்ல மனசு இருக்கும்போதே எழுதி வாங்க வேண்டும். நான்கு எல்லையையும் எழுதச் சொல். சாலையிலிருந்து தோட்டத்துக்குப் போகும் பாதை யாருடையது என்று கேள். நடுவில் அவள் நிலத்தை விற்றால் வாங்குகிறவர் உன்னை வெளியேற்ற முடியாது என்று ஒரு வரி இருக்க வேண்டும். முதுகைப் பார்த்துக்கொள். உதவ வருகிறவர்களிடம் எதைத் தொடக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடு.

நேற்று மாலை உன் செய்தியை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேளம்பாக்கம் வீடு என்று தொடங்குவார், நான் பதில் சொல்ல வேண்டும் என்று தயாராக நின்றேன். அவர் கேட்டது வேறு. “அங்க எத்தினி செடி செத்து எடம் காலியா கீது?” நாற்பது இருக்கும் என்றேன். “புதுக்குச்சி வாங்கி நட்டா கெழட்டுச் செடிங்க நடுவுல தேறாது. பக்கத்துச் செடி கொடிய வளைச்சி மண்ணுல பொதைச்சி, பதியன் போட சொல்லு” என்றார். அங்கே அது சரிப்படுமா என்பது உனக்குத்தான் தெரியும். அச்சரப்பாக்கத்து வயலை விட்டு அவர் கல்பாக்கம் பஸ்ஸில் ஏறி முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. அவர் வாயிலிருந்து பயிர் பற்றி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. தட்டைக் கழுவ எடுத்துப்போனவர் பாதியில் திரும்பி வந்தார். “பதியன் வேர் புடிச்சி, தனியா வெட்டி வுட்டு, ஒழுங்கா காய்க்கவே நாலஞ்சு வருஷம் ஆவும். பத்து வருஷம் எழுதுனா அவனுக்கு இன்னாத்துக்கு ஆவும்? இருவது கேக்க சொல்லு.”

ஆகவே கையெழுத்துப் போடு. இருபது கேட்டுப் போடு. போட்டதும் அப்பாவுக்கு முதலில் போன் செய். அனுமதி கேட்கிற மாதிரியே பேசு. ஒரு பக்கத்துக்கு மேல் எது எழுதியிருந்தாலும் அவர் படிக்கமாட்டார், அதனால் இந்தக் கடிதத்தில் நான் முடிவு சொன்னது அவருக்குத் தெரியாது. அவர் என்னிடம் வந்து சொல்லும்வரை நானும் ஒன்றும் அறியாதவளாகவே இருந்துகொள்கிறேன்.